கடல் எல்லைக் கோட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம்? மேப்பில் முக்கோணவியல் கணக்கு

தங்கச்சிமடத்தான்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நாட்டுப்படகுக்காரர்களுக்காக ஃபோனில் திறக்கும் ஒரு மேப் செய்துகொண்டிருக்கிறேன். மேப் காட்டும் லீஃப்லெட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடமும்தான் அடிப்படை. படகு நிற்கும் இடத்தை ஃபோனின் ஜிபிஎஸ் சொல்லிவிடும். அங்கிருந்து இந்திய-இலங்கைக் கடல் எல்லை எவ்வளவு தூரம் என்று பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

1974 ஜூன் ஒப்பந்தத்தில் பாக் நீரிணைப் பக்கத்துக்கு ஆறு புள்ளிகள் கொடுத்திருக்கிறார்கள். நமக்கு அருகில் உள்ளவை இவை:

3-ம் புள்ளி: 9°40.15′ வடக்கு, 79°22.60′ கிழக்கு
4-ம் புள்ளி: 9°21.80′ வடக்கு, 79°30.70′ கிழக்கு
5-ம் புள்ளி: 9°13′ வடக்கு, 79°32′ கிழக்கு
6-ம் புள்ளி: 9°06′ வடக்கு, 79°32′ கிழக்கு

படகிலிருந்து ஆறு புள்ளிக்கும் ஹேவர்சைன் சூத்திரத்தில் (உருண்டை பூமியில் இரண்டு புள்ளிக்கு நடுவே உள்ள தூரத்தைத் தருவது) தூரம் எடுத்து, அதில் சிறியதைக் காட்டுகிறேன். ராமேஸ்வரத்துக்குக் கிழக்கே 9.30, 79.45 என்ற இடத்தில் படகு நின்றால் 4-ம் புள்ளிதான் பக்கம், 9.77 கிலோமீட்டர் என்று வருகிறது. கடலுக்குப் போகிற சித்தப்பாவிடம் காட்டினேன். "அந்த இடத்துல இருந்து பார்டர் அவ்வளவு தள்ளி இல்லையேப்பா" என்கிறார். அவர் கண் திட்டத்தை நான் நம்புகிறேன். அப்படியென்றால் கணக்கில் எங்கே இடிக்கிறது?

கோணமானி

சித்தப்பா சொல்வது சரி தம்பி. ஹேவர்சைனில் குறை எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் அளப்பது புள்ளிக்கு, தெரிய வேண்டியது கோட்டுக்கு. வயலின் மூலைக்கு மூலை கல் நட்டிருந்தால், "வரப்பு எவ்வளவு தூரம்" என்று கேட்பவருக்கு மூலைக்கல் வரை அளந்து சொல்ல மாட்டோம். நேர் எதிரே வரப்பு வரை அளப்போம்.

உங்கள் உதாரணத்தையே போட்டுப் பார்த்தேன். 4-ல் இருந்து 5-க்குப் போகும் திசைக்கோணம், அதாவது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் கோணம், 171.7 டிகிரி. 4-ல் இருந்து படகுக்குப் போகும் திசைக்கோணம் 223.9 டிகிரி. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 52.15 டிகிரி. 4-க்கும் படகுக்கும் உள்ள தூரம் 9.77. இது பத்தாம் வகுப்புச் செங்கோண முக்கோணம்: கர்ணம் தெரியும், கோணம் தெரியும், எதிர்ப்பக்கம் வேண்டும். 9.77 × சைன் 52.15 = 7.71 கிலோமீட்டர்.

ஆக, திரையில் 9.77 என்று காட்டுகிறது, கோடு இருப்பதோ 7.71-ல். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். அதுவும் "இன்னும் இடம் இருக்கிறது" என்று நம்ப வைக்கும் பக்கமாகப் பிசகுகிறது. இந்த மாதிரி மேப்பில் என்னை மிகவும் பயமுறுத்துவது இந்த வகைப் பிழைதான். தூரத்தைக் குறைத்துக் காட்டினால் ஒருவருக்குக் கொஞ்சம் மீன் போகும். கூட்டிக் காட்டினால் படகு போகும், ஆளும் உள்ளே போவார்.

உருண்டை பூமிக்கான முழுச் சூத்திரமும் இதே முக்கோணம்தான்:

குறுக்குத் தூரம் = 6371 × ஆர்க்சைன்( சைன்(தூ) × சைன்(கோண வித்தியாசம்) )

இதில் தூ என்பது 4-ல் இருந்து படகுக்கு உள்ள தூரத்தை 6371-ஆல் வகுத்தது. ஜாவாஸ்கிரிப்டில் எல்லாக் கோணத்தையும் ரேடியனுக்கு மாற்றிவிட்டுத்தான் சைன் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தச் சூத்திரம் கோட்டை இரண்டு பக்கமும் முடிவில்லாமல் நீட்டிக்கொண்டு அளக்கும். அதனால் செங்குத்து விழும் இடம் 4-க்கும் 5-க்கும் நடுவில்தானா என்று பார்த்தாக வேண்டும். 9.77 × காஸ் 52.15 = ஏறக்குறைய 6 கிலோமீட்டர். 4-ல் இருந்து 5 வரை மொத்த நீளம் 16.5 கிலோமீட்டர். 6 அதற்குள் அடங்குகிறது, ஆகவே 7.71 செல்லும். அடங்காவிட்டால் அந்தத் துண்டுக்கு முனைப்புள்ளியின் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இப்படிப் பார்த்து, கிடைப்பதில் சிறியதைக் காட்டுங்கள்.

தொண்டி டீச்சர்

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கலங்கரை விளக்கம், கப்பல், இறக்கக்கோணம் என்று வருடா வருடம் போர்டில் எழுதும் கணக்கு இப்படி ஒரு வேலைக்கு வருவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு விஷயம் சேர்க்கிறேன். நிறைய பேர் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டின் வித்தியாசத்தையும் அப்படியே 111-ஆல் பெருக்கி பிதாகரஸ் போட்டுவிடுகிறார்கள். அட்சரேகைக்கு அது ஓரளவு சரி. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் அங்கே அட்சரேகையின் கொசைனாலும் பெருக்க வேண்டும். நம் கரை 9.3 டிகிரியில் இருக்கிறது. காஸ் 9.3 = 0.987. விட்டுவிட்டாலும் 1.3 சதவீதம்தான் பிசகும். 7.71 என்பது 7.81 என்று காட்டும். யாருக்கும் சந்தேகம் வராது.

பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு சோதித்தால் தப்பான சூத்திரமும் சரியானது போலவே நடிக்கும். அதே சூத்திரத்தை டெல்லிக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு டிகிரி தீர்க்கரேகை சுமார் 98 கிலோமீட்டர்தான், பிழை பளிச்சென்று தெரியும். அதனால் நம் கடலில் மட்டும் சோதித்துப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். 60 டிகிரி வடக்கில் இரண்டு புள்ளி வைத்து, ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு 55.6 கிலோமீட்டர் வருகிறதா என்று பாருங்கள். 111 வந்தால் கொசைன் விட்டுப்போயிருக்கிறது.

மேப்பில் பிக்சலை எண்ணி வட்டம் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். ஆன்லைன் மேப்புகள் பெரும்பாலும் வெப் மெர்க்கேட்டர் வீழலில் (உருண்டை பூமியைத் தட்டையாக வரையும் ஒரு முறை) இருக்கின்றன. அதில் எல்லாமே 1 ÷ காஸ் அட்சரேகை என்ற அளவுக்குப் பெரிதாகத் தெரியும். லீஃப்லெட்டில் மீட்டரில் ஆரம் கேட்கும் வட்டம் ஒன்று, பிக்சலில் கேட்கும் வட்டக்குறி ஒன்று, இரண்டும் தனித்தனியாக உண்டு. தூரம் காட்ட முதலாவதுதான் வேண்டும்.

கீழக்கரைக் காக்கா

நல்ல இழை. மேலே தம்பி போட்டிருக்கும் புள்ளிகளைப் பாருங்கள், 9°21.80′ என்று இருக்கிறது. இது டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம். படகில் இருக்கும் ஜிபிஎஸ் பெட்டிகளிலும் பெரும்பாலும் இப்படித்தான் காட்டும். ஃபோனும் மேப்பும் தசம டிகிரி கேட்கும். 21.80-ஐ 60-ஆல் வகுத்தால் 0.3633, ஆகவே 9.3633. அவசரத்தில் 9.2180 என்று தட்டிவிட்டால் புள்ளி 16 கிலோமீட்டர் தெற்கே இறங்கிவிடும். மேப்பில் பார்த்தால் அதுவும் கடலுக்குள்தான் இருக்கும், கண்ணுக்கு உறுத்தாது.

அடுத்தது வரிசை. லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கிறது. மேப்புக்கான புள்ளிகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில். இதை மாற்றி வைத்தால் நம்ம படகு 79 டிகிரி வடக்கு, 9 டிகிரி கிழக்குக்குப் போய் ஸ்வால்பார்டுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் நிற்கும். இந்தத் தப்பு உடனே தெரிந்துவிடும், அந்த மட்டில் நல்லது. நிமிடத் தப்புதான் ஒளிந்துகொள்ளும். நான் சொல்வது, பெட்டியில் இருக்கிற மாதிரியே டிகிரிக்கு ஒரு கட்டம், நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக உள்ளிட வைத்துவிடுங்கள். மனக்கணக்கை ஆளிடம் விடக்கூடாது.

தங்கச்சிமடத்தான்

டீச்சர், காக்கா, கோணமானி அண்ணே, மூவருக்கும் நன்றி. துண்டுகளாகப் பிரித்து எழுதியாகிவிட்டது, 7.71 வந்துவிட்டது. சித்தப்பாவிடம் சொன்னேன், தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த தேவை: எல்லைக்கு 2 கடல் மைல் இப்புறம் ஒரு மஞ்சள் கோடு வரைய வேண்டும். படகு அதைத் தொட்டதும் ஃபோன் சத்தம் போட வேண்டும். அந்தக் கோட்டின் புள்ளிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

கோணமானி

ஒரு புள்ளி, ஒரு திசை, ஒரு தூரம் கொடுத்தால் போய்ச் சேரும் புள்ளியைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் இது. அ அட்சரேகை, நெ தீர்க்கரேகை, தி திசைக்கோணம், தூ என்பது தூரம் ÷ 6371:

புதிய அ = ஆர்க்சைன்( சைன் அ × காஸ் தூ + காஸ் அ × சைன் தூ × காஸ் தி )

புதிய நெ = நெ + ஏடேன்2( சைன் தி × சைன் தூ × காஸ் அ , காஸ் தூ − சைன் அ × சைன் புதிய அ )

வகுப்பில் கோணத்தைக் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக அளந்து பழகியிருப்போம். திசைக்கோணம் வடக்கிலிருந்து வலஞ்சுழி. அதனால் வடக்கு-தெற்கு நகர்வுக்குக் காஸ், கிழக்கு-மேற்கு நகர்வுக்கு சைன். பலரும் தடுக்கி விழும் இடம் இது.

2 கடல் மைல் என்றால் 3.704 கிலோமீட்டர். 4-5 துண்டு 171.7 டிகிரியில் தெற்கே இறங்குகிறது. நம் பக்கம் அதற்கு வலப்புறம், எனவே 90 கூட்டி 261.7. 4-ல் இருந்து அந்தத் திசையில் போனால் 9.3585, 79.4783. 5-ல் இருந்து போனால் 9.2119, 79.4999. இரண்டையும் இணைத்தால் இந்தத் துண்டுக்கு மஞ்சள் கோடு தயார்.

4-ம் புள்ளியில் கோடு திரும்புகிறது. 3-4 துண்டு 156.5 டிகிரியில் வருகிறது, அங்கிருந்து 15 டிகிரி வலப்பக்கம் மடங்குகிறது. நாம் மடிப்பின் உட்புறத்தில் இருப்பதால் இரண்டு மஞ்சள் துண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அதற்கு 4-ல் மட்டும் நடுத்திசையை எடுங்கள். 156.5-க்கும் 171.7-க்கும் நடு 164.1, அதோடு 90 சேர்த்தால் 254.1. தூரத்தை காஸ் 7.6-ஆல் வகுங்கள், 3.74 கிலோமீட்டர் வரும். அந்த ஒரே புள்ளியில் இரண்டு கோடும் ஒழுங்காகச் சேர்ந்துவிடும்.

ஒப்பந்தத்தில் புள்ளிகளைப் பெருவட்ட வில்லால் (உருண்டை பூமியின் மேல் இரண்டு புள்ளிக்கு நடுவே மிகக் குறுகிய வழி) இணைக்கச் சொல்லியிருக்கிறது. மேப்பில் நேர்கோடு போட்டால் பிசகுமா என்று யாராவது கேட்கலாம். இருப்பதில் நீளமான 1-2 துண்டில்கூட வில்லுக்கும் நேர்கோட்டுக்கும் விலகல் 10 மீட்டருக்குள்தான். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பாம்பன் வல்லம்

நான் தொழிலுக்குப் போகிறவன். கணக்கு எல்லாம் படித்தேன், முக்கால்வாசி புரிந்தது. எங்கள் பக்கத்து விஷயம் ஒன்று சொல்கிறேன்.

எஞ்சின் ஓடும்போது எவனும் சும்மா கோட்டைத் தாண்டிவிட மாட்டான். வலையை விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தி, ஆள் கொஞ்சம் கண் அசரும்போதுதான் ஆபத்து. வலையும் வல்லமும் சேர்ந்து நீரோட்டத்தில் போகும். சோழகம் என்கிற தெற்குக் காற்று அடித்தால் வடக்கே இழுக்கும். "வடக்கேதானே போகுது, கோடு கிழக்கே கிடக்கு" என்று நினைத்துப் படுத்துவிடுவோம்.

முன்பெல்லாம் ராமேஸ்வரம் டிவி டவர்தான் எங்களுக்குப் பெரிய அடையாளம். அதையும் பாம்பன் கலங்கரை விளக்கத்தையும் வைத்து இடம் பிடிப்போம். பெருசுகள் இன்றைக்கும் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துவிட்டு டவரையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். ஆனால் கிழக்கே போகப் போக இரண்டு அடையாளமும் ஒரே பக்கமாக ஒட்டிக்கொள்ளும், அப்போது அது கை கொடுக்காது. தம்பி, தூரத்தோடு நேரத்தையும் காட்ட முடியுமா? இப்படியே ஓடினால் இன்னும் எத்தனை நேரத்தில் கோடு வரும் என்று. எங்களுக்குக் கிலோமீட்டரைவிட அதுதான் வேண்டும்.

கோணமானி

அண்ணே, நீங்கள் கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. முடியும், அதுவும் ஒரே ஒரு சைனில்.

நீரோட்டம் மணிக்கு 2 கடல் மைல் என்று வைப்போம், 3.7 கிலோமீட்டர். கோட்டை நெருங்கும் வேகம் = நீரோட்ட வேகம் × சைன்(நீரோட்டத் திசைக்கும் கோட்டின் திசைக்கும் நடுவே உள்ள கோணம்). நேர் கிழக்கே இழுத்தால் கிட்டத்தட்ட முழு வேகமும் கோட்டை நோக்கித்தான். நேர் வடக்கே இழுத்தால்?

கோடு நேர் வடக்கு-தெற்காக இருந்தால் நெருக்கம் பூஜ்யமாக இருந்திருக்கும், நீங்கள் நினைப்பது சரியாகியிருக்கும். 5-ல் இருந்து 6 வரை அப்படித்தான், இரண்டுக்கும் தீர்க்கரேகை 79°32′தான். ஆனால் 5-ல் இருந்து 4-க்கு மேலே போகப் போக கோடு மேற்கே, நம் பக்கமாகச் சாய்கிறது. சாய்வு 8.3 டிகிரி. 3.7 × சைன் 8.3 = 0.53. மணிக்கு அரைக் கிலோமீட்டர் கோடு உங்களை நெருங்குகிறது, நீங்கள் நேர் வடக்கே போய்க்கொண்டிருந்தாலும்.

கச்சத்தீவுப் பக்கம் 4-ம் புள்ளியைத் தாண்டி மேலே போனால் சாய்வு 23.5 டிகிரி ஆகிவிடுகிறது. அதே நீரோட்டம், அதே வடக்கு, ஆனால் 3.7 × சைன் 23.5 = ஏறக்குறைய 1.5 கிலோமீட்டர். மஞ்சள் கோட்டில் படுத்த ஆளுக்கு இரண்டரை மணி நேரத்தில் எல்லை. கிழக்கே ஒரு அடிகூட நகராமலே.

அதனால் தம்பி, ஃபோன் தரும் கடைசிச் சில நிமிட இடங்களை வைத்து வேகமும் திசையும் எடுங்கள். ஒரே ஒரு ஜோடிப் புள்ளியை நம்ப வேண்டாம். திறந்த வானத்தில் ஃபோன் ஜிபிஎஸ் 5 மீட்டர் அளவுக்கு ஆடும், மெதுவாக இழுபடும் படகில் அந்த ஆட்டமே திசையைக் கெடுத்துவிடும். பத்து நிமிட இடைவெளியில் இரண்டு சராசரி எடுத்தால் போதும்.

தொண்டி டீச்சர்

வல்லம் அண்ணன் சொன்ன அடையாளம் பிடிக்கும் முறையும் முக்கோணவியலேதான். டிவி டவர் 323 மீட்டர் உயரம். கடல் மட்டத்திலிருந்து 2 மீட்டர் மேலே கண் இருந்தால், பூமியின் வளைவை மட்டும் கணக்கில் எடுத்தால் அதன் உச்சி 69 கிலோமீட்டர் வரை தெரிய வேண்டும். புகைமூட்டம் அவ்வளவு தூரம் விடாது, அது வேறு விஷயம்.

திசைகாட்டியில் ஒரு டிகிரி பிசகினால் 20 கிலோமீட்டருக்கு 350 மீட்டர் விலகும். இரண்டு அடையாளமும் செங்கோணத்தில் தெரிந்தால் பிழை அந்த அளவோடு நிற்கும். 30 டிகிரியில் ஒட்டித் தெரிந்தால் சைன் 30 பாதி என்பதால் இரட்டிப்பாகும். அவர் "கை கொடுக்காது" என்று சொன்னதன் கணக்கு இதுதான். பாடம் நடத்தும்போது இதைச் சொல்லித்தான் நடத்தப்போகிறேன்.

சங்கிலி அளவு

நில அளவை வேலையில் இருந்தவன். ஒரு எச்சரிக்கை. புள்ளிகளைப் பழைய தாள் வரைபடத்திலிருந்து படித்து எடுக்காதீர்கள். லாம்டன் 1802-ல் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையின் வழியில் வந்த இந்தியத் தாள்கள் எவரெஸ்ட் 1830 கோளவுருவில் (பூமியின் வடிவத்துக்கு வைத்துக்கொள்ளும் கணித மாதிரி) இருக்கும். ஜிபிஎஸ் வேலை செய்வது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு மாதிரியில். ஒரே எண்ணை இரண்டிலும் வைத்தால் தரையில் சில நூறு மீட்டர் தள்ளிப்போகும். கரை, தீவு, பார் (கடலடிப் பாறைத் திட்டு) எதை மேப்பில் சேர்த்தாலும் எந்தக் கோளவுரு என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

6371 ஆரத்தில் உருண்டையாகக் கணக்கிடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் அட்சரேகையில் கிழக்கு-மேற்குத் தூரம் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்தே வரும், 7.71-க்கு 10 மீட்டர் போல. நல்ல பக்கத்துப் பிழை. வடக்கு-தெற்கில் அரை சதவீதம் கூட்டிக் காட்டும். எல்லை பெரும்பாலும் கிழக்கே இருப்பதால் உங்கள் வேலைக்கு இது போதும்.

தங்கச்சிமடத்தான்

வல்லம் அண்ணே, நேரம் சேர்த்துவிட்டேன். தூரம் மேலே, நேரம் கீழே, இரண்டும் திரை முழுக்க. தூரத்தைக் கடல் மைலிலும் காட்டுகிறேன், 7.71 என்பது 4.16 மைல். கடலில் சிக்னல் போனால் மேப்பின் படம் வராது. ஆனால் கணக்கு ஃபோனுக்குள்ளேயே நடப்பதால் எண்கள் வந்துகொண்டிருக்கும், சத்தமும் வரும்.

இன்னொரு கேள்வி: தனுஷ்கோடிக்குத் தெற்கே ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் போகிறவர்களுக்கு இதே ஆறு புள்ளி போதுமா?

கீழக்கரைக் காக்கா

போதாது. 6-ம் புள்ளியோடு 1974 பட்டியல் முடிகிறது. அதற்குத் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கு 1976 மார்ச் ஒப்பந்தத்தின் பட்டியல். அது தொடங்குவதும் அதே 9°06′, 79°32′-ல்தான். இரண்டையும் ஒரே தொடராகச் சேர்த்துவிடுங்கள். நடுவில் வெட்டு இருந்தால் அந்த இடத்தில் படகு நிற்கும்போது தூரம் தப்பாகத் தாவும்.

தொண்டி டீச்சர்

சேர்த்ததும் இதைப் போட்டுப் பாருங்கள்: 9.15, 79.45. அரிச்சல்முனைக்குப் பக்கத்து இடம். 5-6 துண்டுக்கு 9.15 கிலோமீட்டர் வர வேண்டும். 10.7 வந்தால் பழையபடி 6-ம் புள்ளிக்கு அளக்கிறது என்று அர்த்தம்.

பாம்பன் வல்லம்

தம்பி, சத்தம் நன்றாக உரக்க இருக்கட்டும். தூங்குகிறவனை எழுப்ப வேண்டும், பக்கத்தில் அலைச் சத்தமும் இருக்கும். முடிந்ததும் சொல், கரைக்கு வந்து என் ஃபோனிலேயே போட்டுக் கொடு. நான் முதலில் கரையோரமாகவே ஓட்டிப் பார்க்கிறேன், படகு ஜிபிஎஸ் பெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இரண்டும் ஒத்துப்போனால்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம்.